கண்ணாடி வீடு காணவா கடல் கடப்பது?

பல்கலைக்கழக மாணவரும் விரிவுரையாளரும் விவசாயம் கற்கக் கடல் கடந்து செல்வதை நாம் எதிர்க்கவில்லை. கிணற்றுத் தவளையாய் இருப்பது கல்விக்கு அழகன்று. ஆயினும், நமது பல்கலைக்கழகங்கள் மக்கள் வரிப்பணத்தில் நடப்பவை. சென்றவர் எதைப் பார்த்தனர், திரும்பி வந்து யாரிடம் சொன்னனர் என்று கேட்கும் உரிமை கமக்காரனுக்கு உண்டு. அவ்வுரிமைக்காகவே இன்று நாம் வாதாடுகின்றோம்.

விவசாயம் கற்க எங்கே போவது என்றால் முன்னே வந்து நிற்பது ஒல்லாந்து. இலங்கையிலும் சிறிய நாடு. ஆனால் விவசாய ஏற்றுமதியின் பெறுமதியில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாக வைத்து எண்ணப்படுகின்றது. 1876இல் விவசாயப் பாடசாலையாகத் தொடங்கி 1918இல் பல்கலைக்கழகத் தரம் பெற்ற வாகனிங்கன் அங்கேதான் இருக்கின்றது. போகட்டும், நன்றாகப் போகட்டும். ஆனால் போனவர் எதைக் கண்டு மயங்குகின்றனர்? கண்ணாடி வீட்டுக்குள் கொத்துக் கொத்தாய்த் தொங்கும் தக்காளியை! அதன் முன்னின்று படம் பிடித்துக்கொண்டு வருவதா ஆராய்ச்சி?

கண்ணாடி வீடு குளிர்நாட்டான் வெப்பத்தைச் சிறைப்பிடிக்கக் கட்டியது. 1959இல் குரோனிங்கன் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்ட எரிவாயு மலிவாகக் கிடைத்ததால் அத்தொழில் ஓங்கியது. 2022இல் எரிவாயு விலை ஏறியபோது கண்ணாடி வீட்டுக்காரர் பலர் செய்கையைக் குறைத்தனர். சித்திரை வெயிலில் வெந்து நிற்கும் நமக்கு வெப்பமா குறை? எட்டுப் பரப்புத் தோட்டக்காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் நடுபவனிடம் அந்தப் படத்தைக் காட்டி என்ன பயன்?

“தொழில்நுட்பம் வேண்டாமா?” என்பர் சிலர். வேண்டும். ஆனால் ஒரு நாட்டின் வெற்றியை மட்டும் பார்த்து வருபவன் பாதிப் பாடமே படித்தவன். அந்நாடு எங்கே இடறி விழுந்தது என்பதே நமக்கு வேண்டிய மற்றப் பாதி.

ஒல்லாந்து இடறிய இடம் எது? பிற நாட்டிலிருந்து தீனியை இறக்கிப் பன்றியும் பசுவும் கணக்கின்றிப் பெருக்கினர். எருவோ நிலம் தாங்கும் அளவை மீறிற்று. அதிலுள்ள நைதரசன் நைத்திரேற்றாகி நிலத்தடி நீரில் கலந்தது. 1991இல் ஐரோப்பிய சமூகம் சட்டம் செய்தது: நீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று எல்லை, எருவின் வழியாக ஹெக்டேயருக்கு ஆண்டொன்றுக்கு 170 கிலோ நைதரசன் எல்லை. ஒல்லாந்து சாக்குப்போக்குச் சொல்லிக் காலம் கடத்தியது. 2003இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்நாடு தன் கடமையில் தவறிற்று என்று தீர்ப்பளித்தது.

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர் தம் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்க்கட்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கித் தங்குவதே நம் நீர். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இட்ட பசளையில் பயிர் உண்ணாத பங்கு செம்மண்ணூடாக அதே நீரைச் சேர்கின்றது. தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று எல்லை மீறியிருப்பதை 1980களிலேயே ஆய்வாளர் அளந்து எழுதினர். அளவுக்கு மிஞ்சிய நைத்திரேற்று கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலிமையைக் கெடுக்கும். அந்த நீரில்தான் தாய் பால்மாவைக் கரைக்கின்றாள்! இதைவிடப் பெரிய விவசாயப் பாடம் நமக்கு வேறு உண்டா?

பிணியை மறைத்து வைத்தால் என்ன நேரும் என்பதற்கும் அந்நாடே சாட்சி. வருங்காலத்தில் நைதரசன் குறையும் என்ற நம்பிக்கையை ஈடாக வைத்து இன்றே அனுமதி வழங்கிய திட்டம் செல்லாதென 2019 மே மாதம் அந்நாட்டு உயர் நிருவாக நீதிமன்றம் தீர்த்தது. ஒக்டோபரில் உழவர் உழவு இயந்திரங்களோடு ஹேக் நகரச் சாலைகளை அடைத்தனர். ஆண்டாண்டாய் அரசு செய்த தாமதத்தின் சுமை ஒரே நாளில் உழவன் தலையில் இறங்கியது. நம் நாட்டில் நடந்ததும் மறக்கக் கூடியதன்று. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் தடுத்தது அரசு. வயல்கள் வாடியபின் நவம்பரில் தடையை நீக்கியது. உழவனைக் கேளாது எழுதிய ஆணை இரு நாட்டிலும் உழவனையே அடித்தது.

ஒல்லாந்தில் பார்க்கத்தக்கது இன்னொன்றும் உண்டு. அங்கே நீரை ஆள்வதற்கென்றே சபைகள் இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டிலிருந்து வளர்ந்து வந்தவை அவை. இன்று 21 சபைகள். நான்காண்டுக்கு ஒருமுறை தேர்தல். தமக்கென வரி விதிக்கும் அதிகாரம். தன் ஊர் நீரைப் பற்றித் தானே தீர்மானிப்பவன் அதைக் காப்பதற்கும் பொறுப்பேற்பான். மாணவர்களே, கண்ணாடி வீட்டை ஒரு மணி நேரம் பாருங்கள். அந்தச் சபையில் ஒரு நாள் அமர்ந்திருங்கள்!

சட்டம் பயின்றோர் அறிந்த ஒரு வரலாற்றை இங்கே நினைவூட்டுகின்றோம். நம்மை ஆண்ட ஒல்லாந்தர் தம் ஆட்சியின் வசதிக்காகவே நம் வழமைகளை அறிய விரும்பினர். 1707இல் தேசவழமையைத் தொகுத்தபோது, அதைத் தமிழாக்கிப் பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டி, சரியென ஒப்பம் பெற்றனர். அந்நியன் காட்டிய அந்த ஒழுங்கை நம்மவர் நமக்குக் காட்டலாகாதா?

ஆகவே நாம் கேட்பவை நான்கு. புறப்படுமுன் கமக்காரரைக் கூட்டி, அவர்தம் கேள்விகளை எழுதிச் செல்க. செல்லும் குழுவில் மண்ணில் உழைக்கும் கமக்காரர் சிலரையும் சேர்த்துக்கொள்க. திரும்பிய மூன்று மாதத்துள் கண்டதைத் தமிழில் எழுதி, கமநல சேவை நிலையத்தில் பன்னிரண்டு கமக்காரர் முன் வாசித்து, அவர் கேட்பவற்றுக்கு விடை கூறுக. ஊர்க் கிணறுகளின் நைத்திரேற்றை ஆண்டுதோறும் அளந்து, ஊரறியப் பலகையில் எழுதி வைக்க.

இவை பெரும் பணம் வேண்டுபவை அல்ல, மனம் வேண்டுபவை. கற்றவன் கடல் கடந்து போய்வருவது கமக்காரன் கிணற்றில் நல்ல நீர் ஊறுவதற்காக. அதற்குதவாத பயணத்தைக் கல்விச் சுற்றுலா என்று அழைப்பதை நாம் ஒப்புக்கொள்ளோம்.