ஒரு சோறு பதமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் அடுப்படியில் பிறந்த பழமொழி. பிரிட்டன் நாட்டு அரசியல் நோக்கர்களும் இதனைத் தம் வழியில் கடைப்பிடித்து வருகின்றனர். அந்நாட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு வியாழக்கிழமையும் எங்கேனும் ஒரு வார்டில் உள்ளாட்சி மன்ற இடைத்தேர்தல் நடைபெறுகிறது. உறுப்பினர் ஒருவர் மறைந்தாலோ பதவி விலகினாலோ, இங்கிலாந்தில் அப்பகுதி வாக்காளர் இருவர் எழுதிக் கேட்டால் போதும், தேர்தல் வந்துவிடும். பல இடங்களில் மூவரில் ஒருவர்கூட வாக்களிக்க வருவதில்லை. இருப்பினும் அந்தச் சிறு எண்ணிக்கையைக் கூட்டிக் கழித்துக் கட்சிகளின் எதிர்காலத்தைக் கணிக்கின்றனர். காலின் ராலிங்ஸ், மைக்கேல் த்ராஷர் என்னும் பேராசிரியர்கள், இம்முடிவுகளைக் கொண்டே கட்சிகளின் நாடு தழுவிய செல்வாக்கை மதிப்பிட ஒரு முறையை வகுத்தனர்.

இந்த ஒரு சோற்றை நம்பலாமா? திசையை அறிய நம்பலாம். அளவை அறிய நம்பலாகாது என்பதே என் கருத்து.

2024 ஜூலையில் தொழிற்கட்சி மூன்றில் ஒரு பங்கு வாக்குகளைக் கொண்டே 411 நாடாளுமன்ற இடங்களை வென்றது. நாடே அதன் பக்கம் எனத் தோன்றிற்று. ஆனால், அடுத்து வந்த மாதங்களின் வார்டு இடைத்தேர்தல்களில் அக்கட்சி தன் இடங்களைப் பறிகொடுக்கலாயிற்று. ரிஃபார்ம் யு.கே. கட்சி தலைதூக்கிற்று. 2025 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் அக்கட்சி 677 இடங்களைப் பிடித்தபோது பலர் வியந்தனர். வியாழக்கிழமை முடிவுகளைக் கவனித்து வந்தோர்க்கு அதில் வியப்பேது?

இனி அளவைப் பார்ப்போம். 2017 மே மாதத்தில் கன்சர்வேடிவ் கட்சி 500க்கும் மேற்பட்ட உள்ளாட்சி இடங்களைக் கூடுதலாகப் பெற்றது. ஐந்தே வாரங்களில் வந்த பொதுத்தேர்தலில் நாடாளுமன்றப் பெரும்பான்மையை இழந்து நின்றது! பரவலாக நடந்த உள்ளாட்சித் தேர்தலே இவ்வாறு ஏமாற்றுமாயின், ஒற்றை வார்டு எம்மாத்திரம்?

ஆனால் இவ்விரண்டினும் பெரிதான உண்மை ஒன்று உண்டு. உள்ளாட்சி உறுப்பினரே கட்சியின் வேர். வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுப்பவர் அவர்; குப்பை வண்டி வராத தெருவுக்காக வாதாடுபவர் அவர். அவர் தோற்றால் கட்சியின் செல்வாக்குக் குறைந்தது என்பது மட்டும் பொருளன்று. இனிமேல் குறையப்போகிறது என்பதும் பொருளாகும். லிபரல் டெமாக்ரட் கட்சியே இதற்குச் சான்று. 2010இல் கூட்டணி ஆட்சியில் சேர்ந்த அக்கட்சி, 2011 உள்ளாட்சித் தேர்தலில் 700க்கும் மேற்பட்ட இடங்களை இழந்தது. 2015 பொதுத்தேர்தலில் அதன் நாடாளுமன்ற இடங்கள் 57இலிருந்து 8ஆகச் சுருங்கின. பின்னர் வார்டு வார்டாக மீண்டும் வேரூன்றியது; 2024இல் 72 இடங்களை வென்றது.

எனவே, வார்டுத் தேர்தலை வெறும் காய்ச்சல்மானியாகக் கருதும் தலைவர்களை நான் குறை கூறுவேன். தலைநகரில் யார் ஆள்வது என்பதை எண்ணி மட்டுமே அவ்வூரார் வாக்களிப்பதில்லை. தம் தெருவையும் நூலகத்தையும் எண்ணியும் வாக்களிக்கின்றனர். அந்தக் குரலைச் செவிமடுக்காமல் விழுக்காட்டை மட்டும் எண்ணும் கட்சி, வேரைப் பாராமல் கனியை எண்ணும் தோட்டக்காரனை ஒக்கும். அரசியல் பயிலும் நண்பர்களே, பெரிய தேர்தல்களின் முடிவுகளை மனப்பாடம் செய்யும் நாம், இந்தச் சிறிய தேர்தல்களையும் சற்றே ஊன்றிப் படிப்போமாக!