பங்கு இல்லாதவர்களுக்குப் பெயரும் இல்லை

டர்பனிலிருந்து வந்து நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர் கையில் ஒரு தாளின் நகல் இருக்கும். அவருடைய பூட்டனாரின் பெயர், பூட்டனாரின் அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் எங்கே தழும்பு இருந்தது என்பது வரை அதில் எழுதியிருக்கும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் கரையைத் தொட்டது முதல் 1911 வரை, நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். ஆளுக்கொரு எண் போட்டு எழுதிவைத்தார்கள். பாசத்தில் எழுதியதல்ல, கூலியாள் ஓடிப்போனால் பிடித்து வருவதற்கான அடையாளம் அது. ஆனாலும் எழுத்து நின்றுவிட்டது.

வந்தவர் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: இவருடைய ஆட்கள் இங்கே யாராவது இருக்கிறார்களா? டீக்கடையில் கூடிப் பேசுகிறோம். ஊரில் வயதான ஒருவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வருகிறோம். இளநீர் வெட்டிக் கொடுக்கிறோம். கோயிலுக்குக் கூட்டிப்போய் மாலை போட்டுப் படமெடுத்து, நல்லபடியாக வழியனுப்பியும் வைக்கிறோம். பதில் மட்டும் நம்மிடம் இல்லை. கடல் தாண்டிப் போனவருக்கு ஏடு இருக்கிறது. ஊரிலேயே இருந்த அவருடைய அண்ணன் தம்பிகளின் பெயர், அவர்கள் வழியில் வந்த நமக்குத் தெரியவில்லை.

நாம் தேடியதும் இல்லை. ‘அக்கரைக்குப் போனவன், திரும்பல’ என்று ஒரு வரியில் கதையை முடித்துவிட்டோம். கண்டித் தோட்டத்துக்குப் போனவர், பினாங்குக்குப் போனவர், நேட்டாலுக்குப் போனவர் எல்லாருமே நமக்கு அக்கரைதான். பங்கு பிரிக்கும்போது, போனவன் போனதுதான் என்று அவர் பாகத்தையும் சேர்த்து எழுதிக்கொண்ட வீடுகள் உண்டு. அந்த வீடுகளில் அவர் பெயரை மறுபடி எடுக்காமலே இருந்ததை மறதி என்று சொன்னால் நமக்கே சிரிப்பு வரும்.

வம்சாவளி எழுதத் தெரியாத கூட்டமல்ல நாம். வழக்கு வந்தால் எழுதுவோம். பாகப்பிரிவினைக்கு வக்கீல் கேட்டால் ராத்திரியோடு ராத்திரியாக ஐந்து தலைமுறைக்கு மரம் போட்டுக் கொடுப்போம். தாசில்தார் ஆபீஸில் வாரிசுச் சான்று கேட்டால் இறந்தவரின் பிள்ளைகள் பெயர் வரிசையாக வந்துவிடும். மூலப்பத்திரத்தைப் பிரித்தால் ‘இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்’ என்று ஒரே வரியில் இரண்டு தலைமுறை கிடைக்கிறது. பழைய செட்டில்மென்ட் ஏட்டைப் பார்த்தால் அதற்கு முந்தைய ஆளும் அகப்படலாம். ஆனால் நிலம் இருந்தவர்களுக்குத்தான் இந்த வழி. பண்ணையில் வேலை செய்தவர்களுக்குப் பத்திரமும் இல்லை, பட்டாவும் இல்லை. அவர்களில் பலருடைய பெயர் முதன்முதலில் எழுத்தில் ஏறியது ஒன்று கப்பல் ஏட்டில், இல்லையென்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நான ஏட்டில். பிள்ளையின் பெயரோடு தாய், தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயரும் அதில் இருக்கும். சம்பளம் அளந்த நம் பாட்டன்மார் அவர்கள் பெயரை எங்கேயும் எழுதவில்லை. நாமும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். குலதெய்வக் கோயிலுக்கு வரி போடும்போது தலைக்கட்டு எழுதுகிறோம். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. மனைவி அந்தத் தலைக்குள் அடக்கம், மகள் கணக்கிலேயே இல்லை. 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டம், அதுவரை கல்யாணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. 2005-ல் மத்திய சட்டம் மற்ற மகள்களையும் சேர்த்துக்கொண்டது. அதன் பிறகுதான் நம் குடும்பப் பத்திரங்களில் அக்கா தங்கைகளின் பெயர் அதிகமாகத் தென்படுகிறது. எந்தப் பத்திரத்தில் என்று பார்த்தால், பெரும்பாலும் விடுதலைப் பத்திரத்தில். உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடும் அன்றைக்குத்தான் வம்சத்தில் அவளுக்கு ஒரு வரி கிடைக்கிறது.

இத்தனைக்கும் யார் யாருக்கு என்ன முறை, எந்த ஊரில் பெண் எடுத்தோம், எந்த ஊரில் கொடுத்தோம், எந்தக் கொழுந்தனார் எதற்காகக் கோபித்துக்கொண்டு போனார் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். பல வீடுகளில் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டாள். பேரனுக்கு அந்தப் பெயரையே வைத்திருந்தால், தன் பிள்ளையையே வேறு பெயரில் கூப்பிடுவாள். அப்படிச் சொல்லாமல் காத்த பெயர்களெல்லாம் அவளுக்குத் தெரியும், கேட்டால் ஜாடையாகவாவது சொல்லியிருப்பாள். நாம் கேட்கவில்லை. திண்ணையில் ஆண்கள் பேசினால் குடும்பச் சரித்திரம், அடுப்படியில் பெண்கள் பேசினால் ஊர்வம்பு என்று பிரித்துவைத்திருந்தோம்.

பிறந்த தேதியிலும் இதே அலட்சியம்தான். பிறப்பு இறப்புப் பதிவை நாடு முழுக்கக் கட்டாயமாக்கிய சட்டம் 1969-ல்தான் வந்தது. அதற்கு முன்பு பிறந்த பலருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் கணக்குப் போட்டு எழுதியதுதான் பிறந்த நாள். ஜாதக நோட்டு வைத்திருந்த வீடுகளிலும் ‘விரோதி வருஷம் ஆவணி’ என்று எழுதியிருக்கும். அறுபது வருஷச் சுழற்சியில் அது 1889-ஆ, 1949-ஆ என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருந்தது. அவர் போன பிறகு நமக்குத் தெரியவில்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் வேறு சேர்ந்துகொள்கிறது. முத்தையா மகன் ராமசாமி, ராமசாமி மகன் முத்தையா என்று போகும் வரிசையில், பத்திரத்தில் இருப்பது எந்த முத்தையா என்று ஆண்டு இல்லாமல் எப்படிச் சொல்வது?

இருந்ததையும் நாம் விட்டுவைக்கவில்லை. போகிக்கு எரித்தோம். சுவடிக்கட்டைப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றோடு விட்டது அந்தக் காலம், பழைய பேப்பர்க்காரருக்கு எடைக்குப் போட்டது நம் காலம். 1980-ல் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிந்தன. பரம்பரை அதிகாரம் போனதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஊரில் எந்த வயலுக்கு எந்தக் குடும்பம் என்று மனப்பாடமாகச் சொன்ன கணக்குப்பிள்ளைகள் அதற்குப் பிறகும் பல வருஷம் உயிரோடு இருந்தார்கள். ஒரு நோட்டோடு போய் உட்கார்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

எழுதிவைக்க முடியாது என்று சொல்லவும் வழியில்லை. நகரத்தார் தங்கள் ஒன்பது கோயில்களில் கல்யாணத்தைப் பதிந்துவைக்கிறார்கள், கோயிலிலிருந்து கல்யாண வீட்டுக்கு மாலை வருகிறது. அங்கேயும் ‘புள்ளி’ என்பது கல்யாணமான ஆணை வைத்துத்தான், அது வேறு விஷயம். அமாவாசைத் தர்ப்பணம் செய்கிறவர்கள் மூன்று தலைமுறையைப் பெண்கள் உட்படப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். வாத்தியார் கேட்கும்போது தாத்தாவின் அம்மா பெயருக்குத் தடுமாறி, பெயர் தெரியாதவர்களுக்கென்று இருக்கும் பொதுச்சொல்லைச் சொல்லிச் சமாளிப்பதும் நடக்கிறது.

நாம் அச்சடித்தது வேறு வகை. சாதிச் சங்க மலர்களில் நம்மைச் சோழனின் படைத்தளபதிக்கு நேர் வாரிசாக்கிக்கொண்டோம். நடுவில் எழுநூறு எண்ணூறு வருஷம் காலியாகக் கிடக்கிறது. அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. தளபதியின் பெயர் தெரிந்த நமக்கு அப்பாவின் பாட்டி எந்த ஊர்ப் பெண் என்று தெரியாது.

இப்போது ஒவ்வொரு வகையறாவுக்கும் பங்காளிகள் வாட்ஸ்அப் குழு வந்துவிட்டது. மரம் போட்டுத்தரச் செயலிகளும் இருக்கின்றன. உற்சாகமாகத்தான் தொடங்குகிறோம். கட்டிக்கொடுத்த பெண்களையும் சேர்க்கலாமே என்று ஒருவர் கேட்டால், அப்புறம் மாப்பிள்ளைகளையும் சேர்க்க வேண்டிவரும், அதற்கு வேறு குரூப் ஆரம்பித்துக்கொள்ளலாம் என்று பதில் வருகிறது. அந்த வேறு குரூப்பை யாரும் ஆரம்பிப்பதில்லை. எண்பதைத் தாண்டிய அத்தைமார் சிலர் பக்கத்து ஊர்களில்தான் இருக்கிறார்கள், நம்பரும் நம்மிடம் இருக்கிறது. ஆனால் குழுவில் போன வாரமெல்லாம், நாம் முதலாம் ராஜராஜனோடு போனவர்களா ராஜேந்திரனோடு போனவர்களா என்று சண்டை.