தராசு யார் கையில்?

கலைத்தரமும் இலாபமும் சமநிலைப்பட வேண்டும் என்பது வீடியோ விளையாட்டுத் தொழிலில் வேதவாக்காகிவிட்டது. எமது கணினித்துறை மாணவர் சிலரும் அதனையே ஒப்புவிக்கின்றனர். நடுநிலைபோலத் தோன்றும் இக்கூற்று, தராசைப் பிடித்திருப்பவர் எவர் என்ற வினாவை மறைத்துவிடுகின்றது.

1982 இல் அட்டாரி நிறுவனம், ‘ஈ.ரி.’ திரைப்படத்தைத் தழுவிய விளையாட்டொன்றை நத்தார்ச் சந்தைக்கு முந்தவேண்டி ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் ஆக்குவித்தது. விலைபோகாத பிரதிகள் வேறு சரக்குகளுடன் 1983 இல் நியூ மெக்சிக்கோவிற் புதைக்கப்பட்டன. 2014 இல் அவற்றைத் தோண்டியும் எடுத்தனர். ஆக்கியோன் ஹவார்ட் ஸ்கொட் வோர்ஷோ திறமையற்றவரல்லர். வெற்றிபெற்ற ‘யார்ஸ் ரிவெஞ்ச்’ அவர் கைவண்ணமே. அவருக்கு மறுக்கப்பட்டது காலம்.

அன்று இலாபம் படைப்பாளியை விரட்டியது. இன்றோ படைப்பின் உள்ளேயே குடிபுகுந்துவிட்டது. விளையாட்டு இலவசம், ஏக்கமும் சலிப்பும் திட்டமிட்டே அதிற் புகுத்தப்படுகின்றன, அவற்றைத் தீர்க்கும் மருந்துக்கே விலை. உள்ளிருப்பது யாதென அறியாமலே வாங்கும் பரிசுப் பெட்டிகள், சில விளையாட்டுகளில், சூதாட்டச் சட்டத்துக்கு முரணானவை எனப் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018 இல் தீர்த்தது. நெடுங்கேணியில் மாலை வேளைகளில் மதகிற் குந்தியிருக்கும் எமது தம்பிமார், ‘றீலோட்’ காசில் ஆட்டத்து வீரனுக்குச் சட்டை வாங்குவதைக் கண்டிருக்கிறேன். வயலிற் கூலிக்கு நின்று பெற்ற காசு அது. இதில் எங்கே சமநிலை?

“அவ்வாறாயின் படைப்பாளி பட்டினி கிடப்பதா?” என்பர். வேண்டியதில்லை. ரொறன்ரோவின் ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறு குழு 2023 இல் வெளியிட்ட ‘வெண்பா’, 1980களிற் கனடாவிற் குடியேறிய தமிழகக் குடும்பமொன்றின் கதை. சிதைந்த சமையற் குறிப்பேட்டின் வரிகளை ஊகித்து இட்லியும் புட்டும் அவிப்பதே ஆட்டம். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கொடுத்த காசுக்கு நீளம் போதாதென முணுமுணுத்தோர் உளர். (கவிதையை முழக்கோலால் அளப்போர் எக்காலத்தும் உண்டு!) நீட்டியிருப்பின், தாய்மொழியை விட்டு விலகும் மகனின் கதை நீர்த்துப்போயிருக்கும். 2024 இல் பாஃப்டா விருதுகளிற் சிறந்த அறிமுக விளையாட்டாக அது தேர்வுற்றது. விலை ஒருமுறைதான், பின்னர் அது எவரிடமும் கையேந்துவதில்லை.

நூற்றுக்கணக்கானோருக்குச் சம்பளமளிக்கும் ஆலைக்குச் சில்லறை பறிக்கும் நிர்ப்பந்தம் நேரலாம். நாலைந்து பேர் கொண்ட குழுவுக்கு அது ஏன்? எமது மாணவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது ஆக்கத்தின் அளவையே. பொருளுக்கோ வன்னியிற் பஞ்சமில்லை. பிட்டை மூங்கிற் குழலில் அவிப்பதா, நீத்துப்பெட்டியில் அவிப்பதா என்ற எமது வீட்டு வழக்கே ஓர் ஆட்டத்துக்குப் போதும்.