கல்லை முதலில் படியுங்கள்

சென்னை பரங்கிமலை மாதா கோயிலின் பீடத்தில் இருக்கும் சிலுவைக் கல்லை வைத்து வாட்ஸ்அப்பில் இரண்டு கட்சிகள் சண்டை போடுகின்றன. தோமையார் தம் கையால் செதுக்கியது என்கிறது ஒன்று. போர்த்துக்கீசியர் செய்த மோசடி என்கிறது மற்றொன்று. இரண்டுமே கல்லைப் படிக்காத கட்சிகள்.

1547இல் போர்த்துக்கீசியர் அங்கே அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த கல் அது. நடுவில் சிலுவை, மேலே இறங்கிவரும் புறா, சுற்றிலும் வளைவாக ஒரு வரி எழுத்து. கண்டெடுத்தவர்களுக்கு அது புரியவில்லை. ஒரு பிராமணரை வரவழைத்துக் கேட்டார்கள். அவர் தோமையார் கதை முழுவதையும் அந்த ஒரு வரியிலேயே "படித்து" விட்டார்!

அது பஹ்லவி, அதாவது பழைய பாரசீக எழுத்து என்று 1873இல் பர்னல் எழுதினார். பிறகு பலர் பலவிதமாகப் படித்தார்கள். பெயர்களில் இன்னும் தகராறு உண்டு. ஆனால் இப்போது பெரிதும் ஏற்கப்படும் பொருள் எளியது: ஆண்டவராகிய கிறிஸ்துவே, இன்னார் மகன் இன்னாருக்கு இரங்கும். காலம் ஏறக்குறைய 6 முதல் 9ஆம் நூற்றாண்டு வரை என்கிறார்கள்.

அப்படியானால் முதல் நூற்றாண்டுத் தோமையார் இதைச் செதுக்கியிருக்க முடியாது. போர்த்துக்கீசியரும் செய்திருக்க முடியாது. ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்த குமாஸ்தா கேட்கிறேன்: தனக்கே படிக்கத் தெரியாத எழுத்தில் எவனாவது பொய்ப் பத்திரம் எழுதுவானா? இதே வாசகம் கோட்டயம் வலிய பள்ளிக் கல்லிலும் இருக்கிறது. இதே சாயல் சிலுவை, எழுத்தில்லாமல், 1912இல் அனுராதபுரத்தில் கிடைத்தது. கடல் வணிகத்தோடு வந்த பாரசீகக் கிறிஸ்தவர்களின் தடம் இது.

"கோயில்களை இடிக்கவே இல்லையா?" என்பீர்கள். இடித்தார்கள். எங்கள் புதுச்சேரியிலேயே, சம்பா கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் கோயிலை 1748இல் இடித்ததை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதை மறைப்பது அநியாயம். ஆனால் அந்தக் குற்றத்துக்குப் பரங்கிமலைக் கல்லைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதும் அநியாயமே.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு "எக்ஸ்ப்ளிகாசியோன் த தெக்ஸ்த்" என்று ஒரு பாடம். பனுவலில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல். உன் அபிப்பிராயம் பிறகு. இந்தக் கல்லுக்கும் அதுதான் விதி.

அந்த வாசகத்தின் பொருளைத் தமிழில், வருகிறவர் கண்ணில் படும்படி பெரிதாக எழுதி வைக்க வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன் ஒரு மனிதன் இரக்கம் கேட்டிருக்கிறான். அவன் பேச்சைக் கேட்டுவிட்டு நம் சண்டையைத் தொடரலாம்.