குழாய் உடையவில்லையாம்!

குழாய் எதுவும் உடையவில்லையாம். எங்கேயும் கசிவு இல்லையாம். 2023 டிசம்பரில் மணலியிலுள்ள சென்னைப் பெட்ரோலியம் கார்ப்பரேஷன் முதலில் சொன்ன சமாதானம் இதுதான்.

மிக்ஜாம் புயலின் மழை வடிந்த வழியே, பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, எண்ணூர்க் கழிமுகம் மட்டும் எண்ணெய் மிதந்து போயிற்று. எர்ணாவூரில் வீட்டுக்குள் புகுந்த வெள்ளம், வடியும்போது சுவரில் கறுப்பைப் பூசிவிட்டுப் போனது. காட்டுக்குப்பத்து மீனவர்கள் வாளியும் குவளையுமாகப் படகில் போய்க் கையாலேயே எண்ணெயை மொண்டார்கள். கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெய் அப்பி நின்றன. ஏறக்குறைய 20 சதுர கிலோமீட்டருக்குப் படலம் பரவியிருப்பதாகக் கடலோரக் காவல் படை மேலிருந்து பார்த்துச் சொல்லிற்று. இவ்வளவுக்கும் குழாய் உடையவில்லை!

அந்தச் சமாதானத்தை நான் நம்புகிறேன். நம்புவதனால்தான் கோபம் வருகிறது. குழாய் உடைந்திருந்தால் விபத்து என்று சொல்லி ஆறுதல் அடையலாம். ஒன்றுமே உடையாமல் இத்தனை எண்ணெய் வெளியேறியது என்றால், அது அத்தனை நாளும் ஆலைக்குள்ளேயே வடிகாலிலும் குட்டையிலும் கிடந்து மழைக்காகக் காத்திருந்தது என்றுதானே பொருள்? இதைப் போய்த் தற்காப்பு வாதமாக எப்படிச் சொல்லத் தோன்றியதோ!

எண்ணெய் ஆலை என்றால் தரையில் எண்ணெய் சிந்தத்தான் செய்யும். பம்பு சொட்டும், வால்வு கசியும். அதற்காகத்தான் டாங்கிகளைச் சுற்றிக் கரை எழுப்புவது. எண்ணெய் படும் இடத்துத் தண்ணீருக்கு ஒரு வாய்க்கால், வெறும் மழைத் தண்ணீருக்கு வேறொரு வாய்க்கால் என்று பிரிப்பது. முன்னதைத் தொட்டியில் தேக்கி, மேலே மிதப்பதை வழித்தெடுத்து, சுத்தம் செய்த பிறகே வெளியே விடுவது. பருவமழை வருமுன் தொட்டியைக் காலி செய்து வைத்திருப்பது. முதல் மழைதான் தரையிலுள்ள அழுக்கையெல்லாம் அடித்துக்கொண்டு வரும். அதைத் தனியே பிடித்து நிறுத்த இடம் வேண்டும். இதில் பெரிய விஞ்ஞான ரகசியம் என்ன இருக்கிறது? கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடிக்கிற பாட்டிகூட முதல் தண்ணீரை ஓட விட்டுவிட்டுத்தான் பிடிப்பாள்.

பெய்தது சாதாரண மழையா என்று கேட்பார்கள். இல்லைதான். சென்னையின் பல பகுதிகளில் இரண்டே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. வெளியிலிருந்தும் வெள்ளம் வந்தது. ஆனால் 2015 டிசம்பரில் இதே நகரம் மூழ்கியதே, அது யாருக்கு மறந்தது? 1969 முதல் அங்கே ஓடுகிற ஆலை இது. ஐம்பதுக்கு மேற்பட்ட கார்த்திகைகளைப் பார்த்த பிறகும் மழை எதிர்பாராமல் வந்துவிட்டது என்றால், பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த ஒரு குமாஸ்தாவையாவது அவர்கள் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆலைக்குள் மழைநீரை நிர்வகிக்கும் ஏற்பாடு போதாது என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே விசாரித்து எழுதிற்று. நல்லது. அந்த வடிகால்கள் புயலுக்கு முந்தின நாள் வெட்டியவை அல்லவே! அனுமதி கொடுத்த உத்தியோகஸ்தர்கள் அதுவரை எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள்? பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்ட பிறகுதான் எல்லோருக்கும் கால்வாய் கண்ணில் பட்டது.

அரசாங்கம் 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாய். கொடுத்தது சரி. ஆனால் கழிமுகத்துச் சேற்றில் இறங்கி இறாலைக் கையால் தடவிப் பிடிக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்தச் சேற்றை எந்த நிவாரணத்தில் கழுவுவது?

வருஷா வருஷம் ஐப்பசி பிறக்குமுன் ஆலையின் மழைநீர் மதகைத் திறந்து காட்டட்டும். அதிகாரிகளுக்கு மட்டுமல்ல; காட்டுக்குப்பத்திலிருந்தும் நாலு பேரை அழைத்துப் போகட்டும். தண்ணீரில் எண்ணெய் இருக்கிறதா என்று சொல்ல அவர்களுக்கு ரிப்போர்ட் வேண்டாம்; மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்கள்.