மாத்திரையை நிறுத்துறதுக்கும் ஒரு முறை இருக்கு

ஆறாவது செமஸ்டர் ஸ்டடி லீவ்ல நான் ஒரு முட்டாள்தனம் பண்ணேன். எட்டு மாசமா சாப்பிட்டுக்கிட்டு இருந்த டிப்ரெஷன் மாத்திரையை ஒரே நாள்ல நிறுத்திட்டேன். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. வீட்டுக்குப் போனப்போ பையில இருந்த மாத்திரை அட்டையை அம்மா பார்த்துட்டாங்க. "இதெல்லாம் பழக்கம் ஆயிடும்பா, அப்புறம் விடவே முடியாது"ன்னு அழுதாங்க. ரூம்மேட்டும் "இப்போ நல்லாத்தானே இருக்க, இன்னும் எதுக்குடா அது?"ன்னான். எனக்கும் சரின்னு பட்டுது.

மூணாவது நாள் ஆரம்பிச்சுது. தலையைத் திருப்பினா உள்ளுக்குள்ள சின்னதா கரண்ட் அடிச்ச மாதிரி இருந்துச்சு. படிக்கட்டு இறங்கினா தலைசுத்தல். தூக்கம் வரல, வந்தாலும் கண்ட கண்ட கனவு. மெஸ் சாம்பார் பத்தின ஒரு சாதாரண பேச்சுல ஃப்ரெண்டு மேல எரிஞ்சு விழுந்தேன். அப்புறம் பாத்ரூம்ல போய் அழுதேன். எதுக்குன்னு எனக்கே தெரியல.

அப்போ தோணினது ரெண்டே விஷயம். ஒண்ணு, அம்மா சொன்னது சரி, நான் அடிக்ட் ஆயிட்டேன். இல்லைன்னா டிப்ரெஷன் திரும்ப வந்துடுச்சு, இனிமே நான் தேற மாட்டேன். ரெண்டுமே தப்புன்னு தெரிய ஒரு வாரம் ஆச்சு. உங்கள்ல யாரும் அப்படி ஒரு வாரத்தைக் கழிக்க வேண்டாம்னுதான் இதை எழுதுறேன்.

முதல்ல அடிக்‌ஷன் விஷயம். அடிக்‌ஷன்னா மனசு அதைத் தேடும், டோஸ் கூடிக்கிட்டே போகும், கெடுதல்னு தெரிஞ்சும் விட முடியாது. இந்த மாத்திரைக்காக யாரும் ஏங்குறதில்ல, சொல்லப்போனா சாப்பிட மறந்துதான் போவோம். இங்க நடக்கிறது வேற. மாசக்கணக்கா மருந்து இருக்கிற நிலைமைக்கு மூளை தன்னைப் பழக்கிக்குது. திடீர்னு மருந்து நின்னா, பழைய நிலைக்குத் திரும்ப அதுக்கு நேரம் வேணும். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல பார்த்திருப்பீங்க, இன்புட்டைச் சட்டுன்னு பூஜ்யமாக்கினா சிஸ்டம் கொஞ்ச நேரம் ஆடித்தான் அடங்கும். அந்த ஆட்டம்தான் நான் பட்டது.

எல்லா மருந்துலயும் ஒரே அளவு ஆட்டம் இருக்காது. பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் மாதிரி உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறுறதுல தொந்தரவு அதிகம். ஃப்ளூவோக்ஸெட்டின் பல நாள் உடம்புல தங்கித் தானாவே மெதுவா குறையறதால கம்மி. நான் எடுத்த எஸ்சிட்டலோப்ராம் இந்த ரெண்டுக்கும் நடுவுல.

எவ்வளவு பேருக்கு இது வரும்? லான்செட் சைக்கியாட்ரி இதழ்ல 2024-ல் வந்த ஒரு அலசல் 79 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மருந்தை நிறுத்தினவங்கள்ல சுமார் 31 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அறிகுறி. வெறும் டம்மி மாத்திரையை நிறுத்தினவங்களுக்கே 17 சதவீதம்! ஆக, மருந்தால மட்டும் வர்றது ஆறேழு பேர்ல ஒருத்தருக்கு. கடுமையா வர்றது சுமார் 35 பேர்ல ஒருத்தருக்கு. ரொம்ப நாள் எடுக்கிறவங்களுக்கு இது இன்னும் அதிகமா இருக்கலாம்னு சொல்ற மருத்துவர்களும் உண்டு. பயந்து நடுங்க வேண்டியதில்ல, "எல்லாம் உன் கற்பனை"ன்னு ஒதுக்கவும் முடியாது.

அடுத்தது, டிப்ரெஷன் திரும்புதா இல்லையான்னு எப்படித் தெரியும்? டாக்டர் எனக்குச் சொன்ன அடையாளம் இதுதான். நிறுத்தின சில நாள்லயே ஆரம்பிச்சு, கரண்ட் அடிக்கிறது, தலைசுத்தல்னு முன்னாடி இல்லாத உடம்புத் தொந்தரவோட வந்தா, அது பெரும்பாலும் மருந்து விட்டதோட விளைவு. மறுபடி மருந்தைத் தொடங்கினா சீக்கிரம் அடங்கிடும். நோய் திரும்பறது பொதுவா வாரம், மாசம் கழிச்சு, மெல்ல மெல்ல. எனக்கு மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்ச சில நாள்ல எல்லாம் நின்னுடுச்சு. ஆனா இதை வச்சு நீங்களே முடிவு பண்ணாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க.

"அப்போ ஆயுசு முழுக்க சாப்பிடணுமா?"ன்னு கேப்பீங்க. இல்ல. நிறுத்தணும்னு ஆசைப்படறது நியாயம்தான். உடம்பு தேறின பிறகும் குறைஞ்சது ஆறு மாசம் தொடரணும்னு பொதுவா சொல்வாங்க. அப்புறம் படிப்படியா குறைக்கணும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. 20 மில்லிகிராம்ல இருந்து 10-க்கு வர்றது பெரும்பாலும் சுலபம், கடைசி 5-ல இருந்து பூஜ்யத்துக்கு வர்றதுதான் கஷ்டம். டோஸும் மூளையில அதோட விளைவும் நேர்கோட்டுல போறதில்ல. கீழே வர வர படி சின்னதாகணும். ஹாஸ்டல்ல பலர் பண்ற மாதிரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடறது குறைக்கிற முறையே இல்ல, தினமும் மூளையை ஏத்தி இறக்குற வேலை. செமஸ்டர், பிளேஸ்மென்ட் நேரத்துல இதை ஆரம்பிக்கவும் வேண்டாம்.

டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாத்திரை எழுதற அன்னைக்கே, நிறுத்தறது எப்படின்னும் ரெண்டு நிமிஷம் பேசுங்க. எனக்கு அது முதல் நாளே தெரிஞ்சிருந்தா, அம்மாவுக்குப் பதில் சொல்லியிருப்பேன்.

நண்பர்களே, "இதெல்லாம் எதுக்கு, வில்பவர் போதும்"னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. நீங்க அக்கறையில சொல்றதுதான் ஒருத்தனை ஒரே நாள்ல நிறுத்த வைக்குது. பதிலா "டாக்டரைப் பார்க்கப் போறியா, நானும் வரேன்"னு சொல்லுங்க. நிறுத்தின பிறகு சாகணும்னு எண்ணம் வந்தா ஒரு நாள்கூட காத்திருக்காதீங்க. டெலி மானஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும், இலவசமா, தமிழ்லயே பேசலாம்.

பரீட்சை முடிஞ்சுதான் குறைக்க ஆரம்பிச்சோம். இப்போ நாலாவது மாசம், பாதி டோஸ்ல இருக்கேன். அம்மாவையும் ஒரு தடவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். தினமும் ராத்திரி போன்ல "சாப்டியா?"ன்னு கேப்பாங்க. இப்பல்லாம் "மாத்திரை போட்டியா?"ன்னும் சேர்த்துக் கேக்குறாங்க.