நான்கு படமும் நாலு வார்த்தையும்

சினிமா பார்ப்பவர்களில் மூன்று ரகம் உண்டு. பார்த்த படத்தையெல்லாம் ‘பிரமாதம்!’ என்பவர்கள் முதல் ரகம். எதைப் பார்த்தாலும் ‘அந்தக் காலத்திலே...’ என்று ஆரம்பிப்பவர்கள் இரண்டாவது ரகம். டிக்கெட்டுக்குக் கொடுத்தது சொந்தக் காசு என்பதை மறக்காமல், பிடித்ததைப் பிடித்தது என்றும் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றும் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் மூன்றாவது ரகம். வாசகர்களே, இந்தப் பக்கத்தில் உங்களோடு பேசுகிறவன் மூன்றாவது ரகத்தைச் சேர்ந்தவன்.

இந்த வாரம் நான்கு படங்கள். நான்கும் 2024-ம் வருஷம் ஆகஸ்டு 23-ந் தேதிக்கும் செப்டம்பர் 27-ந் தேதிக்கும் இடையே, ஐந்தே வாரத்தில் வெளிவந்தவை. சமீபத்தில் நான்கையும் வீட்டிலே அடுத்தடுத்த இரவுகளில் போட்டுப் பார்த்தேன். “வந்துபோன படத்துக்கு இப்போது என்ன ஸார் விமரிசனம்?” என்று கேட்பீர்கள். முதல் நாள் ஆரவாரமெல்லாம் அடங்கி, போஸ்டர் கிழிந்து, அதன்மேல் வேறு போஸ்டரும் ஒட்டிய பிறகு படம் மனசில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் நியாயமான பரீட்சை.

முதலில் ‘வாழை’. டைரக்டர் மாரி செல்வராஜ் தம் பிள்ளைப் பிராயத்தையே கதையாக்கியிருக்கிறார். பள்ளிக்கூடம் போகும் சிறுவன் சிவனைந்தன்; லீவு நாள் வந்தால் அவனுக்கு விளையாட்டு இல்லை, வாழைத்தார் சுமக்கும் வேலைதான். முள் குத்திய காலும், தார் அழுத்திய கழுத்தும், ‘திங்கட்கிழமை எப்போது வரும்?’ என்ற ஏக்கமுமாக அந்தப் பையன் நிற்கும்போது, ஞாயிற்றுக்கிழமை என்றால் எண்ணெய்க் குளியலும் நல்ல சாப்பாடும் என்று நினைத்து வளர்ந்த நமக்குச் சுருக்கென்கிறது. ரஜினி பெரியவரா, கமல் பெரியவரா என்று அவனும் அவன் சிநேகிதனும் போடும் சண்டை இருக்கிறதே, அதற்காகவே தனியாக ஒரு முறை பார்க்கலாம்.

குறை? உண்டு. கடைசிப் பகுதியில், நாம் ஏற்கெனவே அழுது கொண்டிருக்கும்போது, ‘இன்னும் கொஞ்சம் அழு’ என்று சங்கீதமும் காமிராவும் சேர்ந்து தோளைப் பிடித்து உலுக்குகின்றன. பசித்த பிள்ளை ஒரு வாய் சோறு தின்னாமல் ஓடுகிறான். அதைப் பார்க்கும் தாயின் முகம் ஒன்றே போதும். அதற்கு மேல் வைத்ததெல்லாம் அதிகம்.

அதே ஆகஸ்டு 23-ந் தேதி வந்த இன்னொரு படம் ‘கொட்டுக்காளி’. டைரக்டர் பி. எஸ். வினோத்ராஜ். இவருடைய முதல் படமான ‘கூழாங்கல்’ 2021-ல் ராட்டர்டாம் படவிழாவில் புலி விருது வாங்கியது. இந்தப் படம் பெர்லின் படவிழாவுக்குப் போய்வந்தது. இதில் பாட்டு இல்லை, சண்டை இல்லை. அட, பின்னணி இசையே இல்லை! ஆட்டோவின் உறுமல், மோட்டார் சைக்கிள் சத்தம், சேவலின் சிறகடிப்பு, காற்று, மனிதர்களின் முணுமுணுப்பு, அவ்வளவுதான். வேறு ஜாதிப் பையனை விரும்பும் மீனா என்ற பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, குடும்பமே சேர்ந்து அவளைச் சாமியாடியிடம் அழைத்துப் போகிறது. மீனாவாக வரும் அன்னா பென் படம் முழுவதும் வாய் திறப்பது ஒரே ஒரு தடவை. மற்ற நேரமெல்லாம் அந்தக் கண்கள் பேசுகின்றன. நம்மைச் சிரிக்க வைத்துப் பழகிய சூரி, தொண்டை கட்டிய குரலில் சீறுகிறார். பார்க்கிற நமக்கே பயமாக இருக்கிறது.

சில இடங்களில் காமிரா காத்திருப்பதற்காகவே காத்திருக்கிறது. அங்கே எனக்குக் கொட்டாவி வந்தது உண்மை. முடிவையும் டைரக்டர் சொல்லவில்லை, நம் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். “காசு கொடுத்துப் படம் பார்த்தால் முடிவை நான்தான் எழுதவேண்டுமா?” என்று சிலர் கோபித்துக் கொண்டார்கள். இதைத் தியேட்டரில் போட்டிருக்கவே கூடாது என்று சினிமாத் துறைக்குள்ளிருந்தே ஒரு குரல் எழுந்தது. அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வீட்டிலே பார்க்கும்போது குக்கர் விசில் அடிக்கிறது, தெருவிலே காய்கறி வண்டி கத்துகிறது. மௌனத்தை நம்பி எடுத்த படத்துக்கு இருட்டும் அமைதியும் உள்ள தியேட்டரை விட்டால் வேறு போக்கிடம் ஏது?

மூன்றாவது ‘லப்பர் பந்து’. பெயரைக் கேட்டதும் இலக்கண வாத்தியார்கள் பிரம்பைத் தேட வேண்டாம்; கிராமத்து மைதானத்தில் அதற்கு அதுதான் பெயர். தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம். நாற்பது வயதைத் தாண்டியும் மட்டையைக் கீழே வைக்க மனமில்லாமல், மனைவிக்குத் தெரியாமல் ஆடப்போகும் ‘கெத்து’ என்ற பெயின்டராக ‘அட்டகத்தி’ தினேஷ். அவரை வீழ்த்தத் துடிக்கும் பந்து வீச்சாளன் அன்புவாக ஹரீஷ் கல்யாண். வருங்கால மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் மைதானத்தில் வீறாப்பு என்றால் சிரிப்புக்குக் கேட்க வேண்டுமா! சிரித்துக் கொண்டிருக்கும்போதே, ஆட்டம் தெரிந்த ஒருவனைப் பிறப்பைக் காட்டி அணிக்கு வெளியே நிறுத்துகிற கொடுமையையும் படம் சொல்லிவிடுகிறது. பிரசங்கம் செய்யாமல் சொல்கிறது, அதுதான் சாமர்த்தியம். யசோதையாக வரும் ஸ்வாசிகாவின் கோபம் உண்மையான குடும்பத்துக் கோபம். ஆனால் மகள் துர்க்காவுக்கு, இரண்டு ஆண்பிள்ளைகளின் வீறாப்புக்கு நடுவே நிற்பதைத் தவிர அதிக வேலை இல்லை. அந்தப் பெண்ணுக்கு இன்னும் இரண்டு நல்ல காட்சி கொடுத்திருக்கலாம்.

கடைசியாக ‘மெய்யழகன்’. ‘96’ படம் எடுத்த பிரேம்குமாரின் படம். சொத்துத் தகராறில் 1996-ல் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன அருள்மொழி, 22 வருஷம் கழித்துத் தங்கை முறையாகும் புவனாவின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். ‘அத்தான், அத்தான்’ என்று ஓர் ஆள் ஒட்டிக் கொள்கிறார். யாரென்று தெரியவில்லை; கேட்கவும் வெட்கம். கல்யாண வீட்டில் இந்தச் சங்கடம் நமக்கும் வந்ததுதானே? கார்த்தியின் வாயாடித்தனமும் அரவிந்த்சாமியின் கூச்சமும் அழகான ஜோடி. கல்யாண மேடையிலேயே அண்ணன் தங்கைக்கு நகை பூட்டிவிடும் காட்சியில் கண் கலங்காதவர் கல்நெஞ்சர்.

ஆனால் பின்பாதியில் சரித்திரமும் வீரமும் பேசும் இடங்களில், பாத்திரம் பேசுவது நின்று டைரக்டர் பேச ஆரம்பித்துவிடுகிறார். 177 நிமிஷப் படத்திலே, வெளிவந்த சில நாட்களுக்குள் சுமார் 18 நிமிஷத்தை நறுக்கினார்கள். நறுக்க வேண்டியது இருந்தது என்பதே என் அபிப்பிராயம். அதைப் படத்தொகுப்பு மேஜையில் செய்திருக்க வேண்டும். பந்தியில் உட்கார்ந்தவன் முன்னாலிருந்து இலையை இழுத்து, “கூட்டு கொஞ்சம் அதிகம், எடுத்துக் கொள்கிறேன்” என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

இந்த இரண்டு சங்கதியையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு படத்தைத் தியேட்டருக்கே வரக்கூடாது என்றார்கள். இன்னொன்றை வந்த பிறகு வெட்டினார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: ‘ஜனங்களுக்குப் பொறுமை கிடையாது.’ இது நம்மைப் பற்றிய தீர்ப்பு, வாசகர்களே! நம்மைக் கேட்காமலே எழுதிய தீர்ப்பு. அதை மாற்றப் பெரிய போராட்டம் எதுவும் தேவையில்லை. இருட்டிலே இரண்டு மணி நேரம் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு உட்கார்ந்தால் போதும். பிடிக்காவிட்டால் வெளியே வந்து தாராளமாகத் திட்டலாம். முழுசாகப் பார்த்தவனுக்கு அந்த உரிமை உண்டு.

எதை யாரோடு பார்ப்பது என்று கேட்பீர்கள். ‘லப்பர் பந்து’ மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்து பார்க்க. ‘வாழை’ குழந்தைகளோடு, பார்த்த பிறகு அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கட்டும். ‘மெய்யழகன்’ பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத உறவினர் இருந்தால், அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு பார்க்க. ‘கொட்டுக்காளி’யைத் தனியாகப் பாருங்கள். முடிவை நீங்களே எழுத வேண்டியிருக்கும். அதை அவரவர் மனச்சாட்சியோடுதான் எழுத முடியும்.